கடைசித் திரையில் ஒரு பெயர்

மாதா துணை

திண்டிவனம்
12.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வேணி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும் ரோஜா அண்ணியின் சுகத்தையும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம்முடைய போன் கேம் 'தும்பிப் படை'யை நேற்று சாயங்காலம் ஆடி முடித்தேன். பதினோரு நாள் ஆனது. பேனர் கடையில் மதியச் சாப்பாட்டு நேரம், பஸ்ஸில் ஜன்னலோரம், எங்கே இடம் கிடைத்தாலும் ஆடினேன். நாலாவது லெவலில் மட்டும் ஆறு நாள் மாட்டிக்கொண்டேன். நான் வரைந்த மேகத்துக்குள் எனக்கே வழி தெரியவில்லை. ஆறாவது லெவலில் அந்த ராட்சத விமானம் நெருப்போடு சரிந்து விழுந்தபோது கடையிலேயே கத்திவிட்டேன். முதலாளி ஜெகதீசன் சார், "இன்னாம்மா, பிரிண்டர் பூட்ச்சா?" என்று ஓடி வந்தார்.

பிறகு திரை இருட்டாகி, பெயர்கள் கீழேயிருந்து மேலே ஏறின. கதை: அன்புச்செல்வன். நிரல்: அன்புச்செல்வன். படங்கள்: அன்புச்செல்வன். ஒலி: அன்புச்செல்வன். எல்லாம் போன பிறகு சின்ன எழுத்தில், 'நன்றி: குடும்பத்தினர்'.

மூன்று வருஷம் வரைந்தேன். நாற்பத்தொரு எதிரி விமானம், ஆறு வானம், ஆறு நிலம், வெடிக்கிற நெருப்பு மட்டும் பதினாறு படம். 'குடும்பத்தினர்' என்கிற சொல்லில் நான் எந்த எழுத்து அண்ணா?

போன் பண்ணாதீர்கள், உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். போனில் நீங்கள் சொல்வது எதுவும் மறுநாள் இருப்பதில்லை. "உன் பேரு போடாம இருப்பனா பாப்பா" என்று தீபாவளிக்கு முந்தின வாரம் சொன்னதும் போனில்தான். எழுதுங்கள். எழுதினால் எழுதியபடி இருக்கும்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

வேணி

*

விழுப்புரம்
27.1.2025

அன்புத் தங்கை வேணிக்கு,

எல்லோரும் நலம். சித்தியின் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் போடச் சொல். பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ கேமை முடித்தது எனக்குப் பெரிய சந்தோஷம். இறக்கி ஆடியவர்கள் நாலாயிரத்துக்கு மேல். ஆனால் கடைசிவரை போனவர்கள் எழுபது பேர்கூட இல்லை. அந்த எழுபதில் என் தங்கை ஒருத்தி என்பது எவ்வளவு பெருமை!

நாலாவது லெவல் கஷ்டம் என்கிறாய். கஷ்டமாகத்தான் இருக்க வேண்டும். காசு போட்டு ஆடிய அந்தக் காலத்து மிஷின்களில் விமான ஆட்டம் யாரையும் மடியில் வைத்துத் தாலாட்டாது. ஒரு குண்டு பட்டால் உயிர் போச்சு, ஏற்றி வைத்த துப்பாக்கியும் போச்சு. மறுபடி வெறுங்கையோடு ஆரம்பிக்கணும். அந்த ஆத்திரம்தான் மறுபடியும் ஆட வைக்கும். மேகத்துக்குள் இடமிருந்து வருகிற மூன்றாவது கூட்டத்துக்கு முன்னாலேயே ஒரு வெடிகுண்டைப் போட்டுவிட்டு வலதுபக்க மூலையில் ஒதுங்கினால் சுலபமாகத் தாண்டலாம்.

மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். லெட்டரில் எழுதுகிற சமாச்சாரம் இல்லை அது. போனை எடு.

உன் அண்ணன்
அன்புச்செல்வன்

*

திண்டிவனம்
2.2.2025

அண்ணனுக்கு,

அம்மாவுக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. எனக்குக் கோபம் அதைவிட ஜாஸ்தி. நீ என்றே எழுதுகிறேன், கை அப்படித்தான் எழுதுகிறது.

நான் கேட்டது ஒன்று. நீ மூன்றாவது கூட்டத்தை எப்படித் தாண்டுவது என்று சொல்லிக்கொடுக்கிறாய். சரி, கேமைப் பற்றியே பேசுவோம். எது நன்றாக இருக்கிறது, எது இல்லை, எது யாருடையது என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். நான் எதையும் மறைக்க மாட்டேன்.

நம் விமானம் தும்பி, விரல் நினைத்த இடத்தில் நிற்கிறது. இழுத்தால் வருகிறது, விட்டால் நிற்கிறது. நான் ஆடிப் பார்த்த எந்தப் பழைய விமான ஆட்டத்திலும் இவ்வளவு சுத்தம் இல்லை. அது உன்னுடையது. குண்டுகள் விசிறி மாதிரி விரிந்து வரும்போது நடுவில் ஒரு விமானம் நுழைகிற சந்து எப்போதும் இருக்கிறது. பதறினவன் சாவான், நிதானமாகப் பார்த்தவன் பிழைப்பான். அதுவும் உன்னுடையது. அதற்காக எத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். யார் கேட்டாலும் சொல்லுவேன்.

ஆனால் அந்தச் சந்து கண்ணுக்குத் தெரிகிறதே, அது யாருடையது? எதிரிக் குண்டை ரோஸ் நிறத்தில் போட்டு நடுவில் வெள்ளை வைத்தால்தான் மழை மேகத்திலும் தெரியும் என்று சொன்னவள் நான். தும்பியை ஓட்டுகிறவன் தலையில் சிவப்புத் தொப்பி, நாலே நாலு புள்ளி. குண்டு அதில் பட்டால்தான் சாவு, இறக்கையில் உரசினால் ஒன்றும் இல்லை. உயிர்ப்புள்ளி என்று பெயர் வைத்தோமே, மறந்துவிட்டதா? இரண்டாவது லெவல் பனமலை ஏரி. கோயில் குன்றின்மேல் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மேலேயிருந்து பார்த்தால் தண்ணீர் எப்படிக் கருக்கிறது என்று பார்த்து வரைந்தேன். துப்பாக்கிச் சத்தம் எங்கள் கடையில் கயிறு கட்ட பேனர் ஓரத்தில் ஓட்டை போட்டு வளையம் அடிக்கிற மிஷின். என் போனில் பிடித்து அனுப்பினேன். 'ஒலி: அன்புச்செல்வன்' என்று டைப் பண்ணும்போது உனக்குக் கூசவில்லையா?

இப்போது குறை. செத்தவனின் துப்பாக்கியை முதல் படிக்கு இறக்கி, அந்தப் பொட்டுத் துப்பாக்கியோடு ராட்சத விமானத்தின் முன்னால் நிறுத்துகிறாய். அதைக் கஷ்டம் என்று சொல்லாதே. கஷ்டம் என்றால் பழகலாம். இது விழுந்தவன் கையில் இருப்பதையும் பிடுங்குவது. நடுவில் போன் வந்தால் மறுபடி முதல் லெவல். இதற்குப் பழைய காலத்து மிஷினைக் காரணம் காட்டாதே, அந்த மிஷினுக்கு யாரும் போன் பண்ணியதில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பெயர்களைக் கடைசித் திரையில் வைத்தது. எழுபது பேர்கூடப் பார்க்க மாட்டார்கள், வேணி நாலாவது லெவலிலேயே விட்டுவிடுவாள் என்று நினைத்தாயா?

அண்ணி ஸ்டேட்டஸில் நீ சென்னையில் கேடயம் வாங்குகிற போட்டோ பார்த்தேன். உனக்குப் பின்னால் இருந்த பேனரில் எழுதியிருந்தது: 'தனி ஒருவர் உருவாக்கிய சிறந்த விளையாட்டு'. அந்த பேனரை அடித்தவனாவது பிழையில்லாமல் அடித்திருக்கலாம்.

வேணி

*

விழுப்புரம்
9.3.2025

வேணிக்கு,

இங்கே யாவரும் சுகம். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. உடனே எழுதியிருந்தால் கெட்டதாக எழுதியிருப்பேன் என்பதால் நிறுத்தி வைத்தேன். இப்போதும் நல்லதாக வரவில்லை.

போட்டி விதி அப்படி. ஒருவர் பெயரில்தான் அனுப்ப முடியும். இரண்டு பேர் என்றால் பெரிய கம்பெனிகளோடு மோத வேண்டும். அங்கே நம்மை வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள். இது உனக்குப் புரியாதா?

இன்னொன்றும் கேட்கிறேன். 2023 ஜூன் முதல் 2024 ஜனவரி வரை எட்டு மாதம் எங்கே போயிருந்தாய்? ஒரு படம் அனுப்பினாயா? மெசேஜ் போட்டால் ஒரு நீல டிக், அவ்வளவுதான். நாலாவது லெவலை வைத்துக்கொண்டு நான் ஒற்றை ஆளாக அல்லாடினேன். நடுவில் காணாமல் போய்விட்டு, முடிந்ததும் பெயர் கேட்டு வந்து நிற்கிறாய். பாதிக் கிணறு தாண்டியவளுக்கு முழுக் கிணற்றுக்கும் பெயர் வேண்டுமாம்.

சித்தியிடம் இதையெல்லாம் சொல்லி அவர்களையும் பேஜாராக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புச்செல்வன்

*

திண்டிவனம்
30.3.2025

அன்புச்செல்வனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

எட்டு மாதம் எங்கே போனேன் என்று இப்போதாவது கேட்டாயே. 2023 மே மாதம் முகையூரில் நம் மாமா மகன் இருதயராஜ் கல்யாணம். பந்தி முடிந்து எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். உன் போனில் இருந்த கேமை மாப்பிள்ளை வாங்கிப் பார்த்தான். "சூப்பரா இருக்குது மச்சான், யாரு பண்ணது?" என்றான். நான் உனக்கு எதிரே இருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். நீ சொன்னாய்: "நான்தான்டா. ரெண்டு வருசமா உசுர குடுத்துக்கினு கிடக்கேன். இவ சும்மா கலர் அடிச்சுக் குடுப்பா."

சும்மா கலர் அடிச்சுக் குடுப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் கை ஓடவில்லை. ஒரு புள்ளி வைத்தால், இது கலர் அடிக்கிறது என்று தோன்றும், அழித்துவிடுவேன். எட்டு மாதம் அப்படித்தான் போனது. பிறகு ஒருநாள், இது அவனுக்காக இல்லை, தும்பிக்காக என்று நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். நாலு, ஐந்து, ஆறு எல்லாம் அதற்கப்புறம் வரைந்தவை. பாதிக் கிணறா அது?

ஏப்ரல் முடிவதற்குள் என் பெயரைப் போடு. முடியாவிட்டால் என் படங்களை எடுத்துவிடு. என்னிடம் ஒவ்வொரு படத்துக்கும் தேதியோடு மூலக் கோப்பு இருக்கிறது.

வேணி

*

விழுப்புரம்
21.4.2025

வேணிக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். சித்திக்கும் சொல்.

நீ கேட்டபடியே செய்துவிட்டேன். உன் படங்கள் எதுவும் இப்போது கேமில் இல்லை. ஏஐயிடம் சொல்லி எல்லாப் படத்தையும் புதிதாக வாங்கிவிட்டேன். நான்கே நாளில் முடிந்தது. உன் வளையம் அடிக்கிற சத்தத்தையும் எடுத்துவிட்டேன். புதுப் பதிப்பு நேற்று வெளியானது.

இனி உனக்கும் எனக்கும் இதில் பேச்சு இல்லை.

அன்புச்செல்வன்

*

திண்டிவனம்
27.4.2025

அன்புச்செல்வனுக்கு,

சுகம் கேட்க மனசு இல்லை. அண்ணியும் பெரியம்மாவும் நன்றாக இருக்கட்டும்.

உன் புதுப் பதிப்பை ஆடினேன். தும்பி பளபளவென்று இருக்கிறது, கார் விளம்பரம் மாதிரி. பனமலை ஏரி போய், எந்த ஊர் என்றே தெரியாத நீலக் கடல் வந்திருக்கிறது. எதிரி விமானம் திரும்பும்போது இறக்கை ஒரு படத்தில் மூன்று, அடுத்த படத்தில் இரண்டு. குண்டு எது, வெயில் எது என்று தெரியவில்லை. அதையெல்லாம் விடு.

உயிர்ப்புள்ளி எங்கே? நீ படத்தை மாற்றினாய், கணக்கை மாற்றவில்லை. குண்டு எங்கே பட்டால் சாவு என்பது இன்னமும் என் சிவப்புத் தொப்பி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. உன் புது விமானத்தில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. எதிலிருந்து தப்பிக்க வேண்டும் என்றே தெரியாமல் ஆடுகிறவன் சாகிறான். முன்பு செத்தால் என்மேல் கோபம் வரும், நாம் பதறிவிட்டோம் என்று. இப்போது கேம்மேல் வருகிறது. பழைய ஆட்டத்தில் கொடுமை இருந்தது, ஆனால் ஏமாற்று இல்லை. நாலே நாளில் அதையும் சேர்த்துவிட்டாய்.

நானாக வரைந்ததை நானாகவே கிழித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

வேணி

*

விழுப்புரம்
15.6.2025

அன்புள்ள வேணிக்கு,

அண்ணி ரோஜா எழுதிக்கொள்வது. சித்தி சுகமா? உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். சமாதானம் பேச வரவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம்தான், உன்மேலும் கொஞ்சம்.

அவர் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரை நவம்பரிலேயே மூடிவிட்டார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றார், அத்தைக்குக்கூடத் தெரியாது. கேடயம் வாங்கின அன்று பாண்டிச்சேரிக் கம்பெனிக்காரர் ஒருவர் கார்டு கொடுத்தார். "தனியா இவ்ளோ பண்ணியிருக்கீங்களே, எங்ககிட்ட வந்துடுங்க" என்றாராம். ஆகஸ்டில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து இவருக்குப் பயம். ரெண்டு பேர் பண்ணினது என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

புதுப் படம் போட்டதிலிருந்து ஆடுகிறவர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கினு உட்கார்ந்திருக்கிறார். 'பழைய ஆர்ட்டிஸ்ட் எங்கே' என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான். அதை மட்டும் நாலு தடவை படித்தார். நான் கேட்டுவிட்டேன்: "அவன் கேக்குற கேள்விய நான் கேட்டா எரிஞ்சு விழுறீங்களே, இப்ப பதில் சொல்லுங்க!" எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் கேம் ஆடுகிறவள் இல்லை. உன் படம் இருந்தபோது இரண்டாவது லெவல்வரை போனேன், ஏரியைப் பார்க்க. உன்மேல் கோபம் ஏன் என்றால், அந்தக் கல்யாணத்தில் அவர் அப்படிச் சொன்னதும் நீ எழுந்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நானும் கேட்கவில்லை.

ரோஜா

*

திண்டிவனம்
22.6.2025

அன்புச்செல்வனுக்கு,

உன் வேலை போனது தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதே.

ஐந்து மாதமாக எழுதுகிறோம். வேலை இல்லை என்ற இரண்டு சொல்லை எழுத உனக்குக் கை வரவில்லை. நீ அதை அன்றைக்கே சொல்லியிருந்தால், "போட்டிக்கு உன் பேர்ல அனுப்பு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நானே சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நீ கேட்காமல் எடுத்துக்கொண்டாய்.

படங்களைத் திருப்பி வைத்துக்கொள். உனக்காக இல்லை, அந்த ஓட்டுகிறவன் தொப்பி இல்லாமல் சாகிறான் என்பதற்காக. ஆனால் என் பெயர் முதல் திரையில் வர வேண்டும், உன் பெயர் என்ன அளவோ அதே அளவில். போட்டிக்காரர்களுக்கும் பாண்டிச்சேரிக்காரருக்கும் நீயே எழுத வேண்டும். நான் எழுதினால் புகார். நீ எழுதினால் உண்மை.

வேலை போய்விடும் என்றால் போகட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனாலும் எழுது.

வேணி

*

விழுப்புரம்
20.7.2025

வேணிக்கு,

சித்தியின் உடம்பு எப்படி? அம்மாவிடம் வேலை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு என்னை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள்.

நான்கு வாரம் இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். போட்டிக்காரர்களுக்கு எழுதினேன். கேடயத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அஞ்சலில் அனுப்பினால் போதும் என்றார்கள், நானே சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பாண்டிச்சேரிக்காரருக்குப் போன் பண்ணினேன். "சார், படமெல்லாம் என் தங்கச்சி வரைஞ்சது. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். "அப்படியா? நமக்கு கோடிங் தெரிஞ்சா போதும் சார். ஜல்தியா ஒண்ணாம் தேதி வந்து சேருங்க" என்றார். அவ்வளவுதான் வேணி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து நான் இத்தனையும் செய்திருக்கிறேன்.

முகையூரில் நான் சொன்னதாக நீ எழுதியது எனக்கு நினைவில்லை. தப்பிக்கச் சொல்லவில்லை, உண்மையாகவே நினைவில்லை. ரோஜாவிடம் கேட்டேன். "சொன்னீங்க. ஞாபகம் கூட இல்லன்னா அது இன்னும் கேவலம்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

பழைய படங்கள் திரும்ப ஏறிவிட்டன. செத்தால் துப்பாக்கி இனி ஒரு படிதான் இறங்கும். ஒவ்வொரு லெவலும் தானாகச் சேமித்துக்கொள்ளும். நீ சொன்னது சரி, நான் சொன்னது வெறும் வீம்பு. மன்னித்துவிடு என்று எழுதத் தகுதியில்லை. ஒரு நாள் வருகிறேன். நீ பேச வேண்டாம்.

அன்புச்செல்வன்

*

திண்டிவனம்
3.8.2025

அன்புச்செல்வனுக்கு,

நீ நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். நேற்று மழையில் நனைந்தாயே, தலையைத் துவட்டினாயா?

இரண்டு மணி நேரம் உன்னைக் கடை வாசலில் நிற்க வைத்தேன். திருவாமாத்தூர் கோயில் பேனர் அவசரம் என்று சொன்னது பொய். அது நீ வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. சும்மா மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்த்தேன். நான் நினைத்த அளவு நிம்மதியாக இல்லை.

நீ போனை மேஜைமேல் வைத்தாய். முதல் திரையில் இரண்டு பெயரும் இருந்தன. நான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாய். அதுவரை உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை எழுதத்தான் இந்தக் கடிதம்.

உன் பஸ் கிளம்பினதும் ஜெகதீசன் சார் கேட்டார், "யாரும்மா அது, அவ்ளோ நேரம் நின்னுக்கினே இருந்தாரு?"

யாரோ கஸ்டமர் என்று சொல்லத்தான் நினைத்தேன். நீ வந்து நின்றதிலிருந்து அப்படிச் சொல்வதாகவே தயார் பண்ணி வைத்திருந்தேன். வாய், "எங்க அண்ணன் சார்" என்றது.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. உன்மேல் வந்ததுகூட இவ்வளவு இல்லை. யாரைக் கேட்டு அது அப்படிச் சொன்னது? உள்ளே போய் வளையம் அடிக்கிற மிஷினில் உட்கார்ந்து, வேண்டாத துண்டு பேனர் முழுக்க ஓட்டை போட்டுத் தள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்கும் கோபம். சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

உன் நம்பரை பிளாக்கில் இருந்து எடுக்கவில்லை. எப்போது எடுப்பேன் என்றும் தெரியாது. கேட்டு எழுதாதே.

பாண்டிச்சேரி வேலைக்கு மதியச் சாப்பாடு வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போ. ஹோட்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாது.

வேணி